சுருளை நிப்பாட்டினன், இருமல் நிண்டது

இருமல் வைத்தியத்தில் மருந்தைவிடக் கேள்விகள்தான் அதிகம்: எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குதா, சளியில் இரத்தம் தெரியுதா? பஸ்ஸுக்குள் இருமலை அடக்கி முகம் சிவந்த உங்களுக்கு இவை எரிச்சலூட்டும். யுத்தகாலத்தில் மனைவி பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு கொழும்பு வெள்ளவத்தையில் தனியாக டிஸ்பென்சரி நடத்திய எனக்கோ, பல நாட்களில் வாய் திறந்து கதைத்ததே இவ்வளவுதான்.

லொட்ஜில் இருந்தவர்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாடு போகக் காத்திருந்த இளைஞர். ஒரு கிழமையாக இருமல். காய்ச்சல் இல்லை, நெஞ்சும் சுத்தம். “தடிமன் சளியோட வந்தது, தம்பி. அன்ரிபயோட்டிக் தேவையில்லை. ரெண்டு மூண்டு கிழமையில தானாப் போயிடும்” என்றேன்.

“உடன போகாதுதானே?” என்று ஆவலாகக் கேட்டார். ஏன் என்றேன்.

“றோட்டுச் சென்றியில மறிச்சு ஆமிக்காரன் சிங்களத்தில ஏதும் கேட்டா நான் இருமுவன், போ எண்டு கையைக் காட்டுவான். இது போனா நான் சிங்களம் கதைக்கவெல்லோ வேணும், டொக்டர்!”

கொட்டாஞ்சேனை டீச்சர்

ஓய்வுபெற்ற டீச்சர், தனியாக இருந்தவர். கட்டிலில் படுத்தால் மட்டும் வறட்டு இருமல். துருவித் துருவிக் கேட்டதில் கட்டிலுக்கடியில் புகைந்த நுளம்புச் சுருள் வெளியே வந்தது. சுருளை விட்டுவிட்டு, நுளம்பு கடிக்காமல் வலை கட்டச் சொன்னேன்.

அடுத்த கிழமை மறுபடி வந்து உட்கார்ந்தார். இன்னும் இருமலா என்றேன்.

“சுருளை நிப்பாட்டினன், இருமல் நிண்டிட்டுது. இப்ப வீட்டில ஒரு சத்தமும் இல்லை, டொக்டர்.”

செல்வம்

மலையகத்தில் ஹட்டன் பக்கத்து ஆள். சாப்பாட்டுக்கடையில் சமையல் வேலை. நாலு நாள் இருமல்தான். ஆனால் உடம்பு கொதித்தது, மூச்சு இரைத்தது, சளி துருநிறம். நெஞ்சில் வலப்பக்கம் நொறுநொறுவென்று கேட்டது. நியூமோனியா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன்.

“ஐடென்டிட்டி கார்டு தொலஞ்சிருச்சு சார். வழியில புலின்னு புடிச்சிட்டாங்கன்னா?”

டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு, ஆட்டோவில் நானும் ஏறினேன். செக்பொயின்ட்டில் பொலிஸ்காரர் அவனைக் காட்டி யாரென்று சிங்களத்தில் கேட்டார். “மகே மல்லி” என்றேன். என் தம்பி. அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். வார்டில் கட்டில் கிடைக்கும்வரை அவன் பக்கத்திலேயே நின்றேன்.

சுகமாகித் திரும்பி வந்தவன் நன்றி சொல்லவில்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த என் காலி வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

“நீங்க வந்தீங்க, நான் பொழச்சேன். ஒங்களுக்கு இப்புடி வந்தா யாரு சார் கூட்டிக்கிட்டுப் போவா?”

எந்த இருமலுக்கும் காரணம் சொல்லத் தெரிந்த எனக்கு, அதற்கு மட்டும் “தேத்தண்ணி குடிக்கிறியா?” என்றுதான் சொல்ல வந்தது.