வெள்ளைப் பொடியும் பீட்ரூட் சிவப்பும்

பிள்ளைகளா, பீட்ரூட் பொரியலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி, "ரத்தம் மாதிரி இருக்குப்பா" என்று நீங்கள் முகம் சுளிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தூக்குவாளி நினைவுக்கு வரும். அதன் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும். சிவகாசிப் பக்கம் நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் அறையில் இருந்த அண்ணாச்சியின் வாளி அது. உடம்பில் ரத்தம் ஊறட்டும் என்று அவர் வீட்டம்மா நாள் தவறாமல் பீட்ரூட் கொடுத்துவிடுவார். மத்தியானம் வேப்பமரத்தடியில் அதில் பாதி எனக்கு.

அவர் கலக்கும் பொடிகளில் ஒரு விசித்திரம் உண்டு. சிவப்பாக எரியப்போகும் ரசாயன உப்பு, பார்க்கக் கோலமாவு போல வெள்ளையாக இருக்கும். பச்சையாக எரியப்போவதும் வெள்ளைதான். தீ தொட்ட பிறகுதான் உள்ளே இருந்த நிறம் வெளியே வரும்.

ஒரு சீசனில் அண்ணாச்சி கம்பெனி வேனில் யாரோடும் பேசாமல் வரத் தொடங்கினார். துண்டில் துப்பி, விரித்துப் பார்ப்பார். நகங்களை வெயிலில் காட்டிப் பார்ப்பார். ஒருநாள் குழாயடியில் என்னைத் தனியே நிறுத்தினார்.

"ஏலே, ஒண்ணுக்குப் போறப்ப ஒனக்குச் செவப்பாப் போகுதாலே?"

"இல்லையே அண்ணாச்சி. பீட்ரூட்டுச் சாயமா இருக்கும்."

"நீயுந்தான அதுல பாதியத் திங்க. ஒனக்கு ஏன் போகல?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொடி உள்ள எறங்கிருச்சுலே. வெளிய இருக்கையில வெள்ள. ஒடம்புச் சூட்டுல நெறம் வருது. நான் ரொம்ப நாள் தாங்க மாட்டேன். வீட்ல சொல்லிராத."

அதன்பிறகு அவர் பக்கத்தில் உட்காரவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவர் மூச்சு விடும்போது, உள்ளே ஒரு திரி சத்தமில்லாமல் கனன்றுகொண்டிருப்பதாகத் தோன்றும்.

வற்புறுத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நர்சம்மா பொறுமையாகச் சொன்னார். காய்கறிச் சாயம் எல்லாம் ஒரே தன்மை இல்லையாம். தக்காளியின் சிவப்பு எண்ணெயில் இறங்கும். பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரையும். சிலர் வயிற்றில் அது சிதைந்துபோகும், சிலருக்கு அப்படியே சிறுநீரில் இறங்கிவிடும். ஒரே வாளியில் தின்றாலும் ஆளுக்கு ஆள் மாறும்.

அண்ணாச்சி வெகுநாள் கழித்துச் சிரித்தார். "அப்ப எனக்குள்ள வெடி இல்லயாம்லே."

நர்சம்மா ரத்தம் பார்த்த சீட்டை எடுத்தார். "சிரிக்காதீக. ரத்தம் கொறஞ்சவுகளுக்குத்தான் இந்தச் சாயம் கூடுதலாத் தெரியும். ஒங்களுக்கு ரொம்பக் கொறஞ்சிருக்கு."

அவர் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பீட்ரூட்டை நிறுத்தினார், சிவப்பு நின்றது. மாத்திரை தின்றும் முகத்தின் வெளிறல் போகவில்லை. பொடியாலா, வேறு எதனாலா, எதனால் ரத்தம் குறைந்தது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டு மகள் ஊருக்குப் போனார். கலக்கும் அறையில் அவர் இடத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

அங்கே நான் ஒரு சீசன் முடித்தபின், நீங்கள் அம்மாவோடு மாமா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். சந்தையில் ஒரு பீட்ரூட் வாங்கி, பச்சையாக நறுக்கி, தனியாக உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். மறுநாள் காலையில் கழிப்பறைக்குப் போனேன். குனிந்து பார்க்கவில்லை. வாளித் தண்ணீர் முழுவதையும் கவிழ்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேனுக்குப் புறப்பட்டேன்.