சிக்குமுடிக்கு டிபன் பாக்ஸ்

தம்பி பிறந்த யோகத்தில் எங்கள் வீட்டில் முடி பெருகிவிட்டது என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு ஏழு வயது. அப்பா கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் மிளகு வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவ்வப்போது மொபெட்டில் சிக்குமுடிக்காரர் ஒருவர் வருவார். சீப்பில் வரும் முடியைப் பெண்கள் சுருட்டி ஓட்டு இடுக்கில் செருகி வைத்திருப்பார்கள். அதைக் கொடுத்தால் ஊசி, பின், பாத்திரம் என்று எடைக்குத் தகுந்தபடி தருவார். அவர் வண்டியில் தொங்கிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மேல் எனக்கு ஒரு கண்.

அதுவரை அம்மாவின் சீப்பில் வந்ததெல்லாம் ஒரு ஊசிக்குக்கூடக் காணாது. தம்பிக்கு நாலு மாதம் ஆனதும் கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. தலையணையில் முடி, குளிக்கிற இடத்தில் முடி, இட்லி மாவில்கூட ஒருநாள் முடி. தம்பியின் கையைப் பிரித்தால் அதற்குள்ளும் முடி. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அம்மா எடுத்து அடுப்பில் போடுவதற்குள் ஓடிப்போய்ப் பொறுக்கி, ஒரு துணிப்பையில் அடைத்து மிளகு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அம்மாவின் வகிடு அகலமாகிக்கொண்டே போனது. நெற்றி இரண்டு பக்கமும் மேலே ஏறியது. தம்பிக்கு ஊசி போட வந்த நர்ஸ், பிள்ளை பெற்றால் இப்படிக் கொட்டத்தான் செய்யும், கொஞ்ச நாளில் தானாக முளைக்கும், நன்றாகச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா தலையை ஆட்டினாள், நம்பவில்லை. அப்பா ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, எண்ணெய்ச் செலவு மிச்சம் என்றார். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை. அப்பா அதைப் பற்றி மூச்சுவிடாமல் சாப்பிட்டு எழுந்தார்.

ஒருநாள் தம்பி விடாமல் அழுதான். பார்த்தால், அம்மாவின் முடி ஒன்று அவன் கால் கட்டைவிரலைச் சுற்றி இறுக்கியிருந்தது. அம்மா நிதானமாக அதைப் பிரித்து எடுத்தாள். அவன் அழுகையை நிறுத்தினான், அம்மா ஆரம்பித்தாள். விரலுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்று நான் சமாதானம் சொன்னேன்.

அந்த ஐப்பசியில் மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி, பேளுக்குறிச்சியில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் மணப்பெண் மாதிரியே சிங்காரித்துக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்து, கூறைச்சேலையின் ஒரு முனையைப் பிடித்தபடி அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். மறுமுனை அவன் கையில் இருக்கும். சபையே அவளைத்தான் பார்க்கும். அம்மா வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கைக்குழந்தைக்குச் சளி, மலை இறங்க முடியாது, சித்தப்பா மகளை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று. தம்பிக்கு ஒரு சளியும் இல்லை.

மாமா நேரிலேயே வந்துவிட்டார். குளிருக்குப் போடுவதுபோல அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சளிக் கதையையே திரும்பச் சொன்னாள். கூடப்பிறந்தவள் இருக்கும்போது இன்னொருத்தி வந்து நிற்பதா என்று மாமா சத்தம் போட்டார்.

"என்ற கண்ணாலத்துக்கு நீ வராத அளவுக்கு நான் என்னக்கா பண்ணிப்போட்டேன்?" என்று கேட்டார். அம்மா தம்பியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிக்குமுடிக்காரரின் ஹாரன் கேட்டது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். "மாமா, பாருங்க, அத்தனையும் அம்மா முடி! டிபன் பாக்ஸ் வாங்கப் போறேன்" என்று அவர் மடியிலேயே கொட்டினேன்.

மாமா மடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அம்மா முக்காட்டை எடுத்துவிட்டாள்.

"இதுக்குத்தானாக்கா?"

"இந்தத் தலையோட எப்புடிடா சபையில வந்து நிக்கறது? பூ வெச்சா அதத் தாங்கறதுக்கு முடியில்ல."

இங்கே மாமாவின் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு உச்சந்தலை எப்போதோ காலி. காதோரத்து முடியை நீளமாக வளர்த்து, மேலே இழுத்துப் படர விட்டு, எண்ணெய் போட்டு ஒட்டியிருப்பார். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசக்கூடாது. பஸ்ஸில் ஜன்னலோரம்கூட உட்கார மாட்டார். அந்த மனிதர் அதை ஒரே கையால் ஒதுக்கிவிட்டு, அக்காவுக்கு முன்னால் குனிந்து மண்டையைக் காட்டினார்.

"உனக்காச்சும் முளைக்கும். எனக்குப் போனது போனதுதான். நான் மணவறையில வந்து உக்காரலியா?"

"உனக்கென்ன, உருமால் கட்டி மறைச்சுப்போடுவாங்க. நான் என்னத்தடா கட்டறது?"

மாப்பிள்ளைக்கு உருமால் என்று தலைப்பாகை கட்டுவது எங்கள் வழக்கம். சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தம்பி பிறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாமா விடவில்லை. போட்டோ எடுக்கும்போது உருமாலைக் கழற்றிவிடுகிறேன், நீ வந்து பக்கத்தில் நின்றால் போதும் என்றார்.

"வாரேன் சாமி" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முடியை அம்மாவே அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தாள். டிபன் பாக்ஸுக்கு இது காணாதுங்க என்று சிக்குமுடிக்காரர் ஒரு டம்ளரை நீட்டினார். நான் அழுததைப் பார்த்து அம்மாவும் மாமாவும் இன்னும் சிரித்தார்கள். என் நஷ்டம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

தையில் கல்யாணம். அம்மா சின்னதாகக் கொண்டை போட்டு, கனகாம்பரத்தைச் சுற்றிப் பின் குத்திக்கொண்டு, கூறைச்சேலையின் முனையைப் பிடித்தபடி மாமா பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். போட்டோக்காரர் கூப்பிட்டதும் மாமா சொன்னபடியே உருமாலைக் கழற்றினார். புது அத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் கவனித்தேன். அம்மாவின் நெற்றி ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டி முடிகள், அப்போதுதான் முளைத்த ராகி நாற்றுப் போல, விறைத்துக்கொண்டு நின்றன. எண்ணெய்க்கும் படியவில்லை. படத்தில் அசிங்கமாக விழுமே என்று உள்ளங்கையில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, எக்கி அமுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உடு கண்ணு. அது அப்புடியே நிக்கட்டும்."

படம் கெட்டுப்போய்விட்டது என்று திரும்பி வர பஸ் ஏறும்வரை உம்மென்று இருந்தேன். அந்தப் படத்தில் அம்மா எதற்கு அப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரிவதற்கு, நானும் ஒரு மகளைப் பெற்று, முடியெல்லாம் கொட்டி, ஒருநாள் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று நெற்றி ஓரத்துக் குட்டி முடிகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.