தங்கூசி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். பொய்யில்லை. அப்படிப்பட்ட மூக்கில் ஓர் ஓட்டையைப் போட்டு, அது ஆறும்வரை பொறுமையாக இரு என்றால் எப்படி? ஆனாலும் இருந்தேன். இருந்தேன் என்பதைவிட, இருக்க வைத்தார்கள் என்பதே சரி. இன்றைக்கும் கண்ணாடி முன் நின்று மூக்குத்தியின் திருகைக் கழற்றும்போதெல்லாம் அவர்களுக்கு, அதிலும் குறிப்பாக ஒருத்திக்கு, மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாங்கள் அப்போது கிள்ளானில் இருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் சுங்கை பூலோவிலிருந்து வந்து தட்டு மாற்றினார்கள். பழம், பூ, புடவையோடு சின்ன டப்பியில் ஒரு சிவப்புக்கல் மூக்குத்தியும் இருந்தது. மாமியாராக வரப்போகிறவர் அதைத் தன் மூக்கிலிருந்தே கழற்றி வைத்திருந்தார். அவர் மூக்கில் வெறும் துளை தெரிந்தது.

"எங்கம்மா எனக்குப் போட்டுவிட்டது. தாலி ஏறும்போது இது உன் மூக்குல இருக்கணும்மா. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

நகை, பாத்திரம், சீர் என்று எதையும் வாய் திறந்து கேட்காத மனுஷி. அவர் கேட்டதெல்லாம் என் மூக்கில் ஓர் ஓட்டை. எப்படி மறுப்பது?

அந்த வாரமே அம்மா என்னைக் கிள்ளான் கடைத்தெருவில் ஒரு பத்தரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வலப்பக்கம் மையால் புள்ளி வைத்து, "பல்லைக் கடிச்சுக்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் தங்கக் கம்பியை ஏற்றி வளைத்துவிட்டார். கண்ணிலிருந்து தானாகத் தண்ணீர் கொட்டியது.

"ஆறுற வரைக்கும் கம்பிய கழட்டாதீங்க. கழட்டுனா சட்டுனு தூர்ந்துடும். தூர்ந்த எடத்துல மறுபடி குத்துனா சரியா வராது" என்றார் பத்தர்.

அன்றிலிருந்து வீட்டில் அம்மாவின் ஆட்சி. காலையில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒத்தி எடுப்பாள். மாலையில் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு. கருவாடு கூடாது, இறால் கூடாது, கத்திரிக்காய் கூடாது, வலப்பக்கம் திரும்பிப் படுக்கவும் கூடாது. ஒருமுறை முகம் துடைத்த துண்டின் நூல் கம்பியில் மாட்டி எனக்கு உயிர் போய்த் திரும்பியது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோதுதான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. மேருவில் ஓர் எலக்ட்ரானிக் பாக்டரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை. வெள்ளை அங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். முகத்திலோ கையிலோ நகை இருக்கக்கூடாது. கதவருகே சூப்பர்வைசர் நின்று ஒவ்வொருத்தியாகப் பார்த்துத்தான் விடுவார். என்னை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. அப்பா இடுப்புப் பிடிப்பால் லோரி ஓட்ட முடியாமல் வீட்டில் இருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. கம்பியைக் கழற்றினால் மூக்கு தூர்ந்துவிடும். கழற்றாவிட்டால் வேலை போய்விடும்.

கழற்றினேன். வீடு திரும்புவதற்குள் துளை வீங்கி இறுகிப் போயிருந்தது. அம்மா எண்ணெய் தடவிக் கம்பியை மறுபடி ஏற்றினாள். பத்தரிடம் வராத அலறல் அப்போது வந்தது. மறுநாள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, சுடுதண்ணீரில் கழுவி, சின்னதாக நறுக்கித் துளையில் செருகிவிட்டாள். எல்லாரும் செய்வதுதான். ஆனால் நாள் முழுக்க முகமூடிக்குள் மூச்சுச் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த ஈர்க்கு உப்பிப் பிளந்தது. அந்த வாரம் முடிவதற்குள் சீழ் வைத்து, மூக்கு தக்காளி மாதிரி ஆகிவிட்டது.

"கல்யாணமும் வேணாம், ஒரு கருமமும் வேணாம்!" என்று கத்தினேன்.

"மூக்குலதான்டி ஓட்டை போட்டோம். வாய மூடு" என்றாள் அம்மா. ஆனால் அவள் முகமும் வாடித்தான் இருந்தது.

பாக்டரியில் என் பக்கத்து மேசையில் ஒரு மலாய்ப் பெண். என்னைவிடச் சற்று மூத்தவள், காப்பார் பக்கம் கடலோரக் கிராமமான ஒரு கம்பத்திலிருந்து வருகிறவள், அதிகம் பேசமாட்டாள். பெண்கள் கழிவறையில் நான் கண்ணாடியைப் பார்த்து மூக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு கதவைத் தாழிட்டுவிட்டுத் தன் தூடோங் முக்காட்டின் ஓரத்தை விலக்கிக் காதைக் காட்டினாள். அவள் காதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. மடலில் ஏதோ பளிச்சென்றது. என்னவென்று பார்ப்பதற்குள் மூடிக்கொண்டாள். அவளுக்கும் புதிதாகக் குத்திய காதாம். நாளைக்கு உனக்கும் தங்சி கொண்டுவருகிறேன் என்று மலாயில் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த மலாயில் அந்தச் சொல் இல்லை. காதில் எப்படி விழுந்ததோ அப்படியே அம்மாவிடம் போய், "அவ நாளைக்கு ஏதோ தங்கூசி கொண்டாராளாம்" என்றேன்.

அம்மா மூக்கில் விரலை வைத்தாள். "தங்க ஊசியா! அவ என்னாத்துக்குடி உனக்குத் தங்கம் கொடுக்கணும்? வேணாம்னு சொல்லிடு."

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படும் லா. ஆனா சும்மா மட்டும் வாங்கக் கூடாது" என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தாள். முறுக்கு சுட்டு, ஒரு பிஸ்கட் டின் நிறைய அடைத்துக் கொடுத்தாள். தங்கத்துக்கு ஈடாக முறுக்கு.

மறுநாள் காலையில் நான் டின்னை நீட்ட, தோழி ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். பிரித்தேன். சுருள் சுருளாகத் தூண்டில் நரம்பு. அவளுடைய அண்ணன் மீன் பிடிக்கிறவன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளோ ஒரு முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு காரியத்தில் இறங்கிவிட்டாள். நரம்பை வீட்டிலேயே கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்திருந்தாள். லைட்டர் நெருப்பை நுனியில் காட்டியதும் அது உருகி, கடுகளவு மணியாகத் திரண்டது. ஆறவைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மணி வெளியே நிற்கும்படி மெல்லச் செருகினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன். கோபப்பட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும் என்று மலாயில் மிரட்டினாள். வாயை மூடிக்கொண்டேன்.

கதவருகே சூப்பர்வைசர், ஒரு சீன அம்மா, என் மூக்கருகே குனிந்தார். "இனி அபா?" இது என்ன என்றார். எனக்கு முன்பாகத் தோழி, "பிளாஸ்டிக்" என்றாள். அவர் சுவரிலிருந்த விதிப் பலகையை நிதானமாகப் படித்தார். அதில் தங்கம் இருந்தது, வெள்ளி இருந்தது, பிளாஸ்டிக் இல்லை. போ போ என்று கையை ஆட்டினார். நன்றாக இருக்கட்டும் அந்த அம்மா.

அன்று மாலை அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தங்கூசின்னா தூண்டில் நரம்புடி! இதக்கூட தெரியாம முறுக்கு சுட்டீங்களா?" அம்மா உப்புத் தண்ணீர் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தச் சின்ன மணியை வெகுநேரம் பார்த்தாள்.

சீழ் வற்றியது, வீக்கம் வடிந்தது. தங்கூசி ஈரத்தில் உப்பவில்லை, துண்டில் மாட்டவில்லை. புண் நன்றாக ஆறியபிறகு தோழி கொஞ்சம் தடித்த நரம்பு கொண்டுவந்தாள், பிறகு அதைவிடத் தடித்தது. மூக்குத்தியின் தண்டு நுழைய அவ்வளவு இடம் வேண்டும். இது சின்ன மீனுக்கு, இது பெரிய மீனுக்கு என்று காட்டிவிட்டு, உன் மாப்பிள்ளை எந்த மீன் என்று கேட்டாள். அதிகம் பேசாதவள் என்று யார் சொன்னது? இடையில் என் வேலையும் நிரந்தரமானது.

கல்யாணம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயிலில் நடந்தது. மணமகள் அறையில் அம்மா தங்கூசியை உருவினாள். மாமியார் மூக்குத்தியை எடுத்து ஏற்றினார். துளி வலிக்கவில்லை. திருகும்போது அவர் கண் கலங்கியது, எனக்கும்தான். பிறகு அந்த நரம்புத் துண்டைக் குப்பையில் போடச் சொன்னார். அம்மா போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நீல பாஜு கூரோங் அங்கியில் ஓரமாக நின்ற என் தோழியிடம் போனாள். அம்மாவுக்குத் தெரிந்தது சந்தையில் பேசும் பாசார் மலாய் மட்டும். கையை நீட்டிக் காட்டி, "ஜாரும் எமாஸ்" என்றாள். தங்க ஊசி. அதற்குமேல் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை.

தோழிக்குப் புரியவில்லை. என் புடவை தோளிலிருந்து சரிந்துகொண்டிருந்தது, ஊக்கு எங்கே ஊக்கு எங்கே என்று பெண்கள் அறை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் ஊக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டாள். தாடைக்குக் கீழே தூடோங்கைப் பிடித்திருந்த பொன்னிற ஊக்கைச் சட்டென்று கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அம்மா இல்லை இல்லை என்று பதறினாள். அதற்குள் மேளம் முழங்கி, பெண்ணை அழைத்துவரச் சொல்லிவிட்டார்கள்.

எனக்குத் தாலி ஏறியபோது புடவையைத் தோளில் பிடித்திருந்தது அந்த ஊக்குதான். நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் அவள் நின்றிருந்தாள். ஒரு கையால் தாடைக்குக் கீழே முக்காட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையை எனக்கு ஆட்டிச் சிரித்தாள்.