ஆரணியில் ஓட்டக்கூடாத தெரு

படவேடு பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது, விட்டால் சாயங்காலம்தான். அதற்குள் வாடகை சைக்கிளைக் கடையில் விட வேண்டும். கடை இதே தெருவின் மறுமுனையில் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் தெரு ஒன்வேயாம், சைக்கிளும் எதிரே போகக்கூடாதாம். போலீஸ்காரர் பக்கத்துத் தெருவைக் காட்டுகிறார்.

அங்கே தெருவையே அடைத்து, நெசவுக்கான பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

"எப்பங்க அவிழ்ப்பீங்க?" என்று நெசவாளர் ஒருவரைக் கேட்கிறேன்.

"இப்பத்தான் கட்டிகினு இருக்கோம் சார். ஒன்வேலயே தள்ளிகினு போங்க. ஓட்டினாத்தான் புடிப்பாரு."

திரும்பி வந்து தள்ளுகிறேன். போலீஸ்காரர் விட்டுவிடுகிறார். ஓட்டினால் ஒரு சைக்கிள் அகலம். தள்ளினால் நானும் சேர்ந்து அதைப்போல் இரண்டு மடங்கு. என்ன சட்டமோ.

பாதித் தெருவில் எதிரே ஒரு பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது.

"ஓரமா போய்யா, பேஜார் பண்ணாத" என்கிறார் கண்டக்டர்.

பஸ்ஸின் நெற்றியில் படவேடு என்று எழுதியிருக்கிறது. சைக்கிளைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அதற்கு வழி விடுகிறேன்.