கண்ணாடி அண்ணன் போட்ட கையெழுத்து

எங்கள் விமான ஆய்வுக்கூடத்துப் பட்டறையில் கண்ணாடி அண்ணன் எங்கே என்று கேட்டு வரும் புது ஆட்கள், மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரைத் தேடி ஏமாந்து போவார்கள். அவர் கண்ணாடியே போட்டதில்லை. காற்றை அதிவேகமாகச் செலுத்தும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கும் உலோக விமான மாதிரிகளை, முகம் பார்த்துத் தலைவாரும் அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பார். அதனால் வந்த பெயர். இருபத்தாறு வருடமாக அதே வேலை. இறக்கையின் மேல் விரல் நகத்தை மெல்ல ஓட்டுவார். எங்காவது தட்டினால் அந்த இடம் தொலைந்தது. வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. தேய்த்துத் தேய்த்தே சாப்பாட்டு மேசை இளைத்துவிட்டது என்று அவர் மனைவி என்னிடம் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் நான் ஒரு வழவழப்பான இறக்கையைக் கொடுத்து, அதன் மேல் இருபத்து நான்கு தகடுகளை ஒட்டச் சொன்னேன்.

விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, இறக்கையை ஒட்டி ஓடுகிற காற்று பாதி வழியில் சோர்ந்து, இறக்கையை விட்டு விலகிவிடும். விலகினால் இறக்கை உதறும். விலகும் இடத்துக்குச் சற்று முன்னால் சின்னஞ்சிறு தகடுகளைச் சாய்வாக நட்டு வைத்தால் உதறல் நிற்கும் என்பது என் கணக்கு. தகட்டின் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

சுரங்கத்தில் எனக்கு ஒரே ஒரு நாள் கிடைத்தது. காலையில் ஒரு சோதனை ஓட்டம், மாலையில் ஒன்று. அன்று உதறல் நிற்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாகத் துறைத் தலைவர் சொல்லியிருந்தார். திட்டம் போனால் என் ஒப்பந்த வேலையும் போய்விடும்.

காலையில் இறக்கை எப்போதும்போல உதறியது. காற்று போகும் வழியைக் காட்ட மேலே பூசியிருந்த எண்ணெய், காற்றோடு பின்னால் ஓடாமல் நடுவிலேயே தேங்கிக் கிடந்தது.

"பார்த்தாச்சு இல்ல? மூட்டையைக் கட்டுங்க" என்றார் தலைவர்.

மூன்று வருட உழைப்பு. மாதிரியைக் கழற்றப் போன கண்ணாடி அண்ணன், தகடுகளின் மேல் நகத்தை ஒருமுறை ஓட்டினார். எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றார்.

"சார், ஒரு நிமிஷம். தப்பு இவங்களோடது இல்ல. காலைல மாட்டறதுக்கு முன்னாடி நான் இதைத் தேய்ச்சுட்டேன்."

"எதை?"

"இந்தத் தகடுகளைத்தான். துடைக்கும்போது நகத்துல தட்டுச்சு. பிசிறு மாதிரி இருக்கேன்னு பழக்க தோஷத்துல உப்புத்தாளை எடுத்துட்டேன். இப்ப பாதி உயரம்கூட இல்ல."

அவர் வாயைத் திறந்திருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. கோபம் தலைக்கேறி, "இதுகூடவா தெரியாது அண்ணே?" என்று கத்திவிட்டேன்.

"எங்க ஒட்டணும்னு சொன்னீங்க, எவ்வளவு சாய்க்கணும்னு சொன்னீங்க. எதுக்குன்னு சொல்லலையே மேடம்."

சண்டைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அப்போதுதான் விளக்கினேன். ஒவ்வொரு தகடும் ஒரு சுழலைக் கிளப்பும்; மேலே வேகமாகப் போகிற காற்றை அந்தச் சுழல் கீழே இழுத்து, சோர்ந்த காற்றோடு கலந்துவிடும்; தெம்பு வந்த காற்று இறக்கையை விடாது.

"அடிப்பிடிக்காம கிண்டிவிடற மாதிரி" என்றார். "அப்ப இது பிசிறு இல்ல, கரண்டி. அடப்பாவி, இருபத்து நாலு கரண்டியையும் மழுக்கிட்டேனே!"

சாப்பிடக்கூடப் போகவில்லை. புதுத் தகடுகளை வெட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக நிறுத்தி ஒட்டினார். மாலை ஓட்டத்தில் அதே வேகத்தில் இறக்கை அசையவில்லை. எண்ணெய், படிய வாரிய தலைமுடிபோலப் பின்விளிம்பு வரைக்கும் கோடு கோடாக ஓடியிருந்தது.

தலைவர் அசைந்து கொடுக்கவில்லை. "காலைல ஒரு முடிவு, சாயங்காலம் ஒரு முடிவு. நான் எதை நம்பறது? காலை ஓட்டம் ஏன் செல்லாதுன்னு தேய்ச்சவரே கைப்பட எழுதித் தரணும்."

அடுத்த மாதம் போர்மேன் பட்டியல் வர இருந்தது. முதல் பெயர் அண்ணனுடையது என்பது பட்டறை முழுக்கத் தெரியும். இப்படி ஒரு தாள் கோப்பில் ஏறினால் அந்தப் பெயர் நிற்காது என்பதும் தெரியும்.

"அண்ணே, வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.

"கேட்டா அவளும் எழுதுன்னுதான் சொல்லுவா. பேனா குடுங்க."

நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளின் ஓரத்தில் எண்ணெய் விரல் பதிந்தது.

திட்டம் பிழைத்தது, என் வேலை நிரந்தரமாயிற்று. போர்மேன் ஆனவர் வேறொருவர். என் பிழைப்பே அந்தக் கையெழுத்தின் மேல்தான் நிற்கிறது. இதை அவரிடமே பலமுறை சொல்லிவிட்டேன். "அட, விடுங்க மேடம்" என்று உப்புத்தாளை உதறுவார். நான் விடுவதாக இல்லை. அந்தத் தாளின் நகலை இன்னும் என் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அவரிடம் ஒரு புது இறக்கையைக் கொண்டுபோனேன். தகடு, மேடு எதுவும் இல்லாத வெறும் இறக்கை. நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"தேய்க்கலாந்தான். முதல்ல எதுக்குன்னு சொல்லுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.