செம்பனை ஞாயிறு

பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கி, கிள்ளானில் எங்கள் தேவாலயத்தில் மறுபடியும் குருத்தோலைப் பவனி நடத்தலாம் என்று முடிவான வருடம் அது. திருவழிபாட்டுக் குழுக் கூட்டத்தில் ஓலைக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார்கள். எல்லாரும் மேசையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கையைத் தூக்கினேன்.

ஏன் தூக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஓர் இந்துக் குடும்பத்தில். காதலித்து ஒரு கத்தோலிக்கரைக் கைப்பிடித்து, பிறகு நானாகவே விரும்பி ஞானஸ்நானம் பெற்றவள். விசுவாசத்தில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. பூசையில் எப்போது எழுவது, எப்போது உட்காருவது, எப்போது முழந்தாளிடுவது என்பதில்தான் ஏகப்பட்ட சந்தேகம். முன்வரிசையில் இருப்பவரின் முதுகைப் பார்த்தே பூசை கண்டுகொண்டிருந்தேன். ஒருநாள் அவர் கீழே விழுந்த கார் சாவியை எடுக்கக் குனிந்தார். நானும் பக்தியோடு முழந்தாளிட்டுவிட்டேன்.

எங்கள் பாடகர் குழுவை நடத்தும் ஆன்டி அதைப் பார்த்துவிட்டார். பூசை முடிந்ததும் அருகில் வந்து, "பரவாலம்மா, நீங்க புதுசுதானே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வருடங்கள் ஓடியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தினால், "இவங்க நம்ம சர்ச்சுக்குப் புதுசு" என்பார். அந்தப் 'புதுசு' எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல என்னிடம் எல்லாரும் பேசுகிறார்கள் என்று தோன்றும். ஓலை வேலையை ஒரு குறையும் இல்லாமல் முடித்துக் காட்டினால், நானும் இந்த வீட்டு ஆள்தான் என்று ஆகிவிடும் என்பது என் கணக்கு.

வழக்கமாகத் தென்னங்குருத்து கொண்டுவந்து தரும் தெலுக் பங்லிமா காராங் ஊர் வியாபாரிக்கு அந்த வாரம் கல்யாணத் தோரண வேலை தலைக்கு மேல் இருந்தது. முடியாது என்று கையை விரித்துவிட்டார். அலுவலகத் தோழி ஒருத்தி, டெங்கிலில் லோரி ஓட்டும் ஓர் அண்ணனின் எண்ணைக் கொடுத்தாள். நான் அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, சண்டே சர்ச்சுக்கு பாம் லீஃப் வேணும், ஒரு லோரி நிறைய" என்றேன். என் கணவர் வீட்டில் குருத்தோலை ஞாயிறை 'பாம் சண்டே' என்றே சொல்லிப் பழக்கம்.

"பாமா? எங்க பக்கம் அத விட்டா வேற என்னா இருக்கு தங்கச்சி? கவலைய விடுங்கலா" என்றார். நானும் கவலையை விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லோரி பின்பக்கமாக வளாகத்துக்குள் வந்து நின்றது. அந்த அண்ணன் பெருமையோடு தார்ப்பாயை விலக்கினார். உள்ளே முழுக்கச் செம்பனை மட்டைகள். எண்ணெய்க்காகத் தோட்டம் தோட்டமாக வளர்க்கிறார்களே, அதே செம்பனை. ஒவ்வொரு மட்டையும் ஆளைவிட நீளம். அடிப்பக்கம் முழுக்க முள்.

"அண்ணே, இது என்னண்ணே?"

"நீங்கதான பாமுன்னு சொன்னீங்க? தென்னன்னு சொல்லலையே." அவர் முகம் வாடிவிட்டது. "நல்ல மட்டையா பாத்துப் பாத்து வெட்டினேன் தங்கச்சி."

அவரைக் குறை சொல்ல வழியே இல்லை. இந்த நாட்டில் பாம் என்றால் யாருக்குமே செம்பனைதானே முதலில் நினைவுக்கு வரும்? அதற்குள் மக்கள் குடும்பம் குடும்பமாக வர ஆரம்பித்துவிட்டார்கள். லோரியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. யாரோ சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி இந்த ஜென்மத்துக்கும் நான் 'புதுசு'தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்புத் திருவுடை அணிந்து ஃபாதர் வெளியே வந்தார். மட்டைகளைப் பார்த்தார். "யாரு ஆர்டர் பண்ணது?" என்றார். நான் மறுபடியும் கையைத் தூக்கினேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "எருசலேம் சனங்க என்ன, முன்கூட்டியே ஆர்டரா பண்ணி வச்சாங்க? ஆண்டவர் வராருன்னு கேட்டதும் ரோட்டோரத்துல இருந்தத வெட்டிக்கிட்டு ஓடுனாங்க. நம்ம ரோட்டோரத்துல இதுதான் இருக்கு. ஆளுக்குக் கொஞ்சம் கிழிங்க, நான் மந்திரிக்கிறேன்" என்றார்.

முதலில் இறங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பாடகர் குழு ஆன்டிதான். பாட்டுப் புத்தகத்தை யாரிடமோ திணித்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "நான் பொறந்ததே எஸ்டேட்ல. இந்த முள்ளுக்கா பயப்படுறது? அண்ணே, பாராங் இருக்குல்ல? நீங்க அடிய வெட்டிக் குடுங்க, நாங்க ஓலைய உருவுறோம்" என்றார்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? கார் நிறுத்துமிடம் கல்யாண வீட்டுக் கொல்லைப்புறமாகிவிட்டது. லோரிக்கார அண்ணன் பாராங் கத்தியால் முள் அடியை வெட்டித் தள்ளினார். ஆண்கள் மட்டைகளைத் தூக்கி வந்து போட, பட்டுப்புடவைக்காரப் பெண்கள் தரையில் உட்கார்ந்து ஓலையை உருவினார்கள். பிள்ளைகள் அதில் சிலுவை மடித்தார்கள். செம்பனை ஓலை விறைப்பானது, சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு சிலுவைகூட நேராக வரவில்லை. யார் சிலுவை அதிகம் கோணல் என்று ஒரு போட்டியே நடந்தது. ஆன்டி வேலையோடு வேலையாக ஓசன்னா பாட ஆரம்பிக்க, பாடவே வாய் திறக்காத ஆட்கள்கூடப் பாடினார்கள்.

திருவழிபாடு என்பதற்கான பழைய கிரேக்கச் சொல்லுக்கு 'மக்களின் பணி' என்று பொருள் என ஞானஸ்நான வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். பரீட்சைக்குப் படிப்பதுபோல அதை மனப்பாடம் செய்திருந்தேன். கையெல்லாம் ஓலைக் கீறலோடு, அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு விளங்கியது. பூசை இன்னும் தொடங்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது.

ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஓலைகளை மந்திரித்தார். பவனி புறப்பட்டது. ஒரு செம்பனைத் தோட்டமே எழுந்து நடப்பதுபோல இருந்தது. சாலையில் போன கார்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தன. லோரிக்கார அண்ணனும் ஒரு மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைசிவரை கூடவே நடந்தார். அன்று பூசை முழுவதும் நான் யார் முதுகையும் பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பூசை முடிந்து வெளியே வரும்போது ஆன்டி என் தோளில் கை போட்டு, யாரோ ஒருவரிடம், "இவங்கதான் நம்ம ஓலைக்காரம்மா" என்றார். அதன் பிறகு அவர் வாயிலிருந்து 'புதுசு' வந்ததே இல்லை. இன்றுவரை எங்கள் தேவாலயத்தில் எனக்கு அதுதான் பெயர்.

கதை அதோடு முடியவில்லை. மந்திரித்த ஓலையை வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்து, அடுத்த தவக்காலம் நெருங்கும்போது திருப்பிக் கொடுப்போம். அதை எரித்த சாம்பலைத்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சிலுவையாக இடுவார்கள். மறுவருடம் எங்கள் நெற்றிக்கு வந்தது அந்தச் செம்பனைச் சாம்பல்தான்.

அன்று பூசை முடிந்து நேராகப் பிரிக்பீல்ட்ஸுக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். நான் ஞானஸ்நானம் பெற்றதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நான் போகும்போதெல்லாம் அவர் கண் என் வெறும் நெற்றிக்குப் போய்விட்டுத் திரும்பும். பள்ளிக்கூடம் போகும் நாளில் தினமும் அவர் திருநீறு பூசிவிட்ட நெற்றி அது. அன்று கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடி, திருநீறா?"

"ஆமாம்மா. எங்களுக்கும் இன்னிக்குத் திருநீற்றுப் புதன். செம்பனை ஓலைய எரிச்சது."

"செம்பனையா?"

வாசலில் நின்றபடியே லோரிக் கதையைச் சொன்னேன். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். கொஞ்சம் சாம்பல் புருவத்தில் உதிர்ந்திருந்தது. சின்ன வயதில் செய்வதுபோலவே, ஒரு கையால் என் கண்ணை மறைத்துக்கொண்டு அதை மெல்ல ஊதிவிட்டார்.

பூசையில் இப்போதும் சில நேரம் தப்பான இடத்தில் எழுந்து நிற்கிறேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் திருநீற்றுப் புதன் சாம்பல் நெற்றியில் படும்போது, நான் எந்த வீட்டுக்கும் விருந்தாளி இல்லை என்ற சந்தோஷத்தில் என் கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன, அம்மாவின் கை மறைத்ததுபோல.