முயல்குட்டிக்குப் பிசைந்த கை

முயல் தீனியில் கலக்கவென்று மகன் வாங்கிவந்த இயற்கை மருந்துத் தூளைப் பிரித்ததும் வெள்ளைப்பூட்டு வாடை அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

சிறுவயதில், எங்கள் கல்முனைக்குடி வீட்டில் வயிறு ஊதிய முயல்குட்டிகளுக்கு வாப்பாதான் வைத்தியர். கொழுத்த முயலின் ஈரப் புழுக்கையை வெள்ளைப்பூட்டோடு விரலால் நசுக்கி ஊட்டுவார். பிறகு சோறு பிசைந்து எனக்கு உருண்டை நீட்டுவார்.

"கை கழுவினீங்களா வாப்பா?"

"ஓம், கழுவின. வாயத் தொறங்க மகன்."

உருண்டையில் புழுக்கை நாறும். என் மூக்கைத்தான் சந்தேகப்பட்டேன். குட்டிகள் கொழுத்தன, நான் மெலிந்தேன்.

மகன் தூள் கலந்த கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, வாழைப்பழம் உரித்து நீட்டினான்.

"கை கழுவினீங்களா மகன்?"

"ஓம் வாப்பா," என்றான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அப்படியானால் வாப்பாவும் ஒருநாளும் கழுவவில்லை.